சோளகமும் நிழலும்: நல்லூரிலிருந்து தெற்கே ஒரு சைக்கிள் வழி

யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள நல்லூரிலிருந்து நாட்டின் தென்பகுதி நோக்கிக் கோடையில் சைக்கிளில் கூட்டாகச் செல்ல எண்ணுவோர் முதலில் கேட்பது தூரத்தைத்தான். யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ-9 நெடுஞ்சாலையின் நீளம் 321 கிலோமீற்றர். அதில் வவுனியா வரையுள்ள பகுதி ஏறத்தாழ 140 கிலோமீற்றர். மேடுபள்ளம் அதிகமில்லாத அந்த நிலத்தில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் மிதிக்கும் ஒருவர் பத்து மணி நேரத்துக்குள் வவுனியாவை அடைந்துவிடலாம் என்று தாளில் கணக்குப் போட்டுவிட முடியும். தை மாதத்தில் அந்தக் கணக்கு ஓரளவு பலிக்கும். சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் பலிக்காது. கோடையில் இந்த வழியை அளக்கும் கோல் நிழலும் நீரும் காற்றுமாகும். எந்த மரம் எந்த நேரத்தில் வீதியின் எந்தப் பக்கத்தில் நிழல் விழுத்துகிறது, அடுத்த கிணறோ குளமோ எங்கே உள்ளது, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பவற்றை அறிந்தவருக்கே இவ்வழி வசப்படும். முன்னாளில் இவ்வழியில் கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் சென்றோருக்கு அந்த அறிவு இயல்பாக இருந்தது. மோட்டார் வாகனம் வந்தபின் அது தேவையற்றதாகத் தோன்றியது. சைக்கிளில் ஏறிய மறுநாளே அது மீண்டும் தேவைப்படுகிறது.

சைக்கிள் என்ற சொல்லைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். இலங்கையின் அரச ஆவணங்களில் அது துவிச்சக்கரவண்டி, அதாவது இரண்டு சக்கரங்களையுடைய வண்டி. போர்க்காலத்தில் ஈருருளி என்ற தனித்தமிழ்ச் சொல் பரவியது. தமிழ்நாட்டார் மிதிவண்டி என்பர். குடாநாட்டு வீட்டுப் பேச்சில் அது எக்காலத்திலும் சைக்கிள்தான். இருக்கைக்கும் ஹாண்டிலுக்கும் இடையே ஓடும் குறுக்குக் குழாய் 'பார்', பின்சக்கரத்தின் மேல் சுமை வைக்கும் தட்டு 'கரியர்', ஒரே சைக்கிளில் இருவர் போவது 'டபிள்ஸ்' எனப்படும். றலி, ஹம்பர் போன்ற ஆங்கிலேயத் தயாரிப்புகளும் பின்னர் உள்நாட்டு லுமாலாவும் வீட்டுச் சொத்தாகப் பேணப்பட்டு, தகப்பனிடமிருந்து மகனுக்குச் சென்றன. 28 அங்குலச் சக்கரமும் சாய்வான முன்கவையும் கொண்ட பழைய றலி, இன்றைய மெல்லிய பந்தய வண்டியோடு ஒப்பிட்டால் மிகக் கனமானது; ஆயினும் குழிவிழுந்த வீதியில் அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொண்டு, ஏறியிருப்பவரை நிமிர்ந்து இருக்கவிடும் பண்பு அதற்கு உண்டு. 1944இல் தொடங்கப்பட்ட அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸின் தேர்தற் சின்னமும் சைக்கிளே. அந்த வண்டி தமிழ் மக்களின் வாழ்வில் பெற்றிருந்த இடத்துக்கு அதுவும் ஒரு சான்று.

கோடை என்று இங்கே குறிக்கப்படும் காலத்துக்கும் உள்ளூர்ப் பெயர்கள் உண்டு. நல்லூர் வட அகலக்கோடு ஏறத்தாழ 9.7 பாகையில் இருப்பதால் சூரியன் ஆண்டில் இருமுறை அதன் நேர் உச்சிக்கு வருகிறது. முதன்முறை ஏப்ரல் நடுப்பகுதியில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி. இரண்டாம் முறை ஓகஸ்ட் இறுதியில், பெரும்பாலும் நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் பெருந்திருவிழாக் காலத்தை அண்டி. அந்த நாள்களில் நண்பகலில் ஒருவரது நிழல் அவரது காலடிக்குள்ளேயே அடங்கிவிடும். வீதியோர மரத்தின் நிழலும் அதன் அடியைச் சுற்றியே கிடக்குமன்றி வீதிக்கு எட்டாது. தமிழ்நாட்டில் அக்கினி நட்சத்திரம் எனப்படும் மே மாத வெப்பக் காலத்தை யாழ்ப்பாணத்தார் 'காண்டாவனம்' என்பர். பாரதக் கதையில் அக்கினிக்கு இரையான காட்டின் பெயர் அது. அதை அடுத்து வைகாசி தொடக்கம் ஆவணி, புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்று 'சோளகம்' எனப்படும். நாட்டின் தென்மேற்குக்கும் மலைநாட்டின் மேற்குச் சரிவுக்கும் மழையைக் கொடுக்கும் இக்காற்று வடக்கே வெறுங்காற்றாகவே வந்து சேர்கிறது. குடாநாடு தன் மழையின் பெரும்பகுதியை ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான வடகீழ்ப் பருவத்தில், வாடைக்காற்றோடு பெறுகிறது.

நல்லூரிலிருந்து தெற்கே செல்பவருக்குச் சோளகம் எதிர்க்காற்று என்பது இப்பயணத்தின் தலையாய உண்மை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடி வீதத்தில் கூடுவதால், மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவருக்கு எதிரே அதே வேகத்தில் காற்று வீசினால் அவர் எதிர்கொள்ளும் தடை நான்கு மடங்காகிறது. மிதிக்கும் ஒருவர் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே சக்கரத்தைச் சேரும். எஞ்சியது உடலுக்குள் வெப்பமாகத் தங்குகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடலுக்குள்ள பெருவழி வியர்வை உலர்தலே. கடும் வெயிலில் மணிக்கு ஒரு இலீற்றருக்கும் மேல் வியர்வை வெளியேறலாம். ஓடும் சைக்கிளில் படும் காற்று அதை உலர்த்திவிடுவதால் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. சைக்கிளை நிறுத்தி மரத்தடியில் நின்ற கணத்திலேயே சட்டை நனைந்து ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் இதுதான். வியர்வையோடு உப்பும் போவதால், வெறும் நீரையே தொடர்ந்து குடிப்பவருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் மயக்கமும் உண்டாகலாம்.

இதற்குரிய மருந்தைக் குடாநாடு நெடுங்காலமாகவே கையில் வைத்திருக்கிறது. கோயில் திருவிழாக்களில் அமைக்கப்படும் தண்ணீர்ப்பந்தல்களில், அதாவது வழிப்போக்கருக்கு இலவசமாகக் குடிக்கக் கொடுக்கும் ஓலைக் கொட்டில்களில், சர்க்கரைத் தண்ணீர், மோர் ஆகியவற்றோடு ஊறுகாய்த் தண்ணீரும் வழங்கப்படும். உப்பில் ஊறிக் கறுத்துப்போன தேசிக்காயைக் கையால் பிசைந்து, சட்டி நிறைந்த தண்ணீரில் கரைத்து, மிதந்து வரும் தோலையும் விதையையும் ஒதுக்கி, செம்பில் அள்ளிக் கொடுப்பார்கள். முதல் மிடறில் உப்புக் கரித்து, அடுத்த மிடறில் புளிப்பேறி, மூன்றாம் மிடறில் நாக்கு அதையே மீண்டும் கேட்கும். சைக்கிள் வீரர்களுக்கென இன்று போத்தல்களில் விற்கப்படும் பானங்கள் செய்யும் அதே வேலையை இது செய்கிறது. நீண்ட பயணம் போகும் குழுவொன்று ஒரு சிறு போத்தலில் தேசிக்காய் ஊறுகாயைக் கொண்டுபோனால் வழியிலுள்ள எந்தக் கிணற்று நீரையும் அவ்வாறு மாற்றிக்கொள்ளலாம்.

கூட்டமாகச் சைக்கிளில் நெடுந்தூரம் போவது வடக்கில் விளையாட்டாகத் தோன்றிய பழக்கமன்று. பங்குனித் திங்கட்கிழமைகளில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குப் பானையும் அரிசியும் கட்டிக்கொண்டு உறவினர் சேர்ந்து போகும் வழக்கம் அதன் அமைதியான முகம். 1990க்குப் பின் வந்த ஆண்டுகள் அதன் கொடிய முகம். 1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபோது ரயில் நின்றது, மின்சாரம் அற்றுப்போனது, எரிபொருளும் பற்றரியும் உட்படப் பல பொருள்கள் வடக்கே செல்லத் தடைவிதிக்கப்பட்டது. மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கப்பட்ட சில மோட்டார் வாகனங்கள் தவிர, குடாநாட்டின் போக்குவரத்து முழுவதும் சைக்கிளின் மேல் விழுந்தது. விறகும் நெல் மூடையும் வாழைக்குலையும் நோயாளியும் கரியரில் ஏறினர். இரவில், சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, பின்சக்கரத்தில் உரசிச் சுழலும் டைனமோவிலிருந்து இரண்டு வயர்களை இழுத்து வானொலிப் பெட்டியில் கொடுத்து, பி.பி.சி. தமிழோசையைச் செவிமடுத்தார்கள். 6 வோல்ற் டைனமோ அது. சுற்றும் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். அதனால் செய்தி முடியும்வரை ஆள் மாறி ஆள் சுற்றினார்கள்.

குடாநாட்டின் வாசலான ஆனையிறவு வழி அடைபட்டிருந்த அந்நாள்களில் வன்னிப் பெருநிலத்துக்கும் அப்பால் வவுனியாவுக்கும் போக வேண்டியவர்கள் முதலில் கொம்படி–ஊரியான் வழியாகப் பரவைக்கடலில் இறங்கி நடந்தனர். பரவைக்கடல் என்பது ஆழமற்ற கடல்நீரேரி; அதில் சைக்கிளைத் தள்ளியும் ஆழமான இடத்தில் தோளில் தூக்கியும் கடந்தனர். பின்னர் கிளாலியில் இரவுப் படகுகளில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு கடந்தனர். 1993 ஜனவரியில் அப்படகுகள் தாக்கப்பட்டுப் பயணிகள் பலர் உயிரிழந்தனர். அதன் பின்னரும் வேறு வழி இல்லாததால் மக்கள் அவ்வழியே போயினர். அக்கரையில் இறங்கியவர்கள் வன்னியின் உடைந்த வீதிகளில் நாள்முழுதும் மிதித்தார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தினூடாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, மழையில் அந்த நெரிசலுக்குள் உருண்டவற்றில் பெரும்பாலானவை சைக்கிள்களே. ஏறி மிதிக்க இடமின்றி, மூட்டைகளையும் முதியோரையும் சுமந்து அவை தள்ளிச் செல்லப்பட்டன.

இதை இங்கே விரிவாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. களைத்தவரை நடுவில் விடுவது, பலமானவர் காற்றை முகத்தில் வாங்கி முன்னே போவது, கால் ஓய்ந்தவரின் முதுகில் பக்கத்தில் வருபவர் கைவைத்துத் தள்ளிக்கொண்டே மிதிப்பது, ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்பது ஆகிய கூட்டுப்பயண ஒழுங்குகள் யாவும் அந்த ஆண்டுகளில் இம்மக்கள் உடம்பால் கற்றவை. 2022இல் நாடு முழுவதும் எரிபொருள் இன்றி நிரப்பு நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசை நீண்டபோது, குடாநாட்டு வீடுகளின் பின்விறாந்தைகளில் சாத்திக் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. நாட்டின் பிற பகுதிகளில் புதிதாகத் தோன்றிய அந்த நெருக்கடி இங்கே நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தெரிந்த ஒன்றாகவே இருந்தது.

இனி வழிக்கு வரலாம். காலை நாலு மணிக்கு முன் நல்லூரில் குழு கூடுவது முறை. கோயில் தேரடியில் கும்பிட்டுவிட்டுப் புறப்படுவோர் பலர். அந்தத் தேரடி செல்லப்பா சுவாமிகள் என்ற ஞானி இருந்த இடம். அவரைக் குருவாகக் கொண்ட யோகர் சுவாமிகள் (1872–1964) இங்கிருந்து நாட்டின் தெற்கேயுள்ள கதிர்காமத்துக்குக் கால்நடையாகவே போய் மீண்டவர். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமத்துக்கு ஆண்டுதோறும் பாதயாத்திரை போவோர் இன்றும் ஒன்றரை மாதத்துக்கும் மேலாக நடக்கிறார்கள். சைக்கிளில் போவோர் அவ்வழியை உகந்தை வரைதான் பின்பற்ற முடியும். உகந்தைக்கு அப்பாலுள்ள குமண, யால காட்டுவழி குறித்த நாள்களில் கால்நடையாக வருவோருக்கே திறக்கப்படுகிறது.

நல்லூரிலிருந்து கிழக்கே செம்மணி வீதியால் சென்று கண்டி வீதியைத் தொடும்போது இன்னும் இருள் விலகியிருக்காது. வயல்வெளியும் உவர்நிலமும் இருபுறமும் விரிந்த அவ்விடத்தில் யாழ்ப்பாணத்தின் வரவேற்பு வளைவு நிற்கிறது. 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய மாணவி ஒருவர் இங்கிருந்த இராணுவச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். அவரும், அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டனர். 1999இல் இப்பகுதியில் நிகழ்ந்த அகழ்வில் 15 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. 2025இல் அண்மையிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் மீண்டும் அகழ்வுகள் நடந்தன. நல்லூரிலிருந்து இவ்வழியே சைக்கிளில் புறப்படும் எந்தக் குழுவும் இவ்விடத்தைக் கடந்தே போகவேண்டியிருக்கிறது. பேச்சைக் குறைத்துக்கொண்டு கடப்பது தகும்.

நாவற்குழிப் பாலத்துக்கு அப்பால் தென்மராட்சி. கைதடி, சாவகச்சேரி, கொடிகாமம் என்று நீளும் இப்பகுதியில் பலாவும் மாவும் தென்னையும் வேலிக்கு மேலால் எட்டிப்பார்ப்பதால் பயணத்தின் மிகக் குளிர்ந்த இரண்டு மணி நேரம் இங்கேதான் கழியும். குடாநாட்டின் பழைய வழிகளில் வழிப்போக்கருக்கென அமைக்கப்பட்ட இளைப்பாறும் இடங்களின் ஒழுங்கைப் பற்றிக் கூறவும் இதுவே ஏற்ற இடம். மடம் என்பது தங்கிச் செல்வதற்கான கட்டடம். கேணி என்பது படியிறங்கிச் சென்று நீர் அள்ளும் கல்கட்டிய குளம், சிலவற்றில் மாடுகள் இறங்கிக் குடிக்கச் சாய்தளமும் உண்டு. ஆவுரஞ்சிக்கல் என்பது மாடுகள் உடலைத் தேய்த்துக்கொள்ள நட்ட கல். சுமைதாங்கி என்பது தோளுயரத்தில் இரு தூண்களின் மேல் குறுக்கே கிடத்திய கல். தலைச்சுமையோடு வருபவர், பிறர் உதவியின்றித் தாமே சுமையை அதன்மேல் இறக்கிவைத்து மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இவற்றை நாட்டுவது வழக்கம். பருத்தித்துறைத் தும்பளை வீதியில் உள்ள தெருமூடி மடத்தில் வீதியே கூரைக்குக் கீழாகச் செல்கிறது. இருபுறத் திண்ணைகளிலும் வெயிலுக்கு ஒதுங்குவோர் இன்றும் அமர்ந்திருப்பர். நடப்பவரின் வேகத்தையும் தாகத்தையும் அறிந்து, மாட்டின் அரிப்பையும் மறவாமல் அமைக்கப்பட்ட இந்த ஒழுங்கு மிக உயர்ந்த நாகரிகம் ஒன்றின் வெளிப்பாடு. மோட்டார் வாகனம் இவற்றை வேகமாகக் கடந்து போனதால் மடங்கள் இடிந்தன, கேணிகள் தூர்ந்தன. ஏழெட்டுக் கிலோமீற்றருக்கு ஒருமுறை நிற்க வேண்டிய சைக்கிள் பயணிக்கு அவை எல்லாம் சரியான இடைவெளியில் இருந்திருக்கின்றன என்பது அவை இல்லாத இடத்திலேயே விளங்கும்.

எழுதுமட்டுவாள், முகமாலை, பளை என்று வரும்போது சூரியன் எழுந்துவிடும். முகமாலை பல ஆண்டுகள் போர்முனையாக இருந்த இடம். வட்டு அறுந்து தூண்போல் நிற்கும் பனைகளும் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகளும் அதன் அடையாளங்களாயின. இளைப்பாறவோ வேறு தேவைக்கோ வீதியை விட்டுப் பற்றைக்குள் இறங்காமல் இருப்பது இங்கே கண்டிப்பான விதி. பளைப் பகுதியில் கடல்நீரேரிப் பக்கமாக நிற்கும் காற்றாலைகள், அடுத்து வரவிருப்பதை முன்கூட்டியே அறிவிக்கின்றன. ஆனையிறவில் தரையும் மரமும் விலகி, இருபுறமும் நீரும் உப்பளமுமாக வீதி வெட்டவெளியில் நீள்கிறது. குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைக்கும் ஒடுங்கிய நிலம் அது. தென்கிழக்கு நோக்கி மிதிப்பவரின் வலப்பக்கத்திலிருந்து சோளகம் வந்து அறைகிறது.

பக்கக்காற்றில் கூட்டமாகச் செல்வோர் ஒருவர் பின் ஒருவராக நேர்கோட்டில் போனால் பயனில்லை. காற்று வரும் பக்கத்தில் ஒருவர் முன்னே செல்ல, மற்றவர் அவருக்குப் பின்னாலும் சற்று விலகியும் சாய்கோட்டில் வரவேண்டும். காற்றுமறைவில் வருபவருக்குக் கணிசமான உழைப்பு மிஞ்சும். ஆனால் இடப்பக்கமாகச் செல்லும் நாட்டில், வலப்பக்கக் காற்றுக்கு முகங்கொடுக்கும் தலைவர் வீதியின் நடுப்பக்கமாகவும் ஏனையோர் இடது ஓரமாகவும் வரவேண்டியிருக்கும். பின்னால் பேருந்துகள் விரையும் நெடுஞ்சாலையில் இது உயிராபத்து. ஆகவே மூவருக்கு மேற்படாத சிறு அணிகளாகப் பிரிந்து, இரு அணிகளுக்கிடையே வாகனம் ஒன்று புக இடம் விட்டுச் செல்வதே தக்கது. ஆனையிறவில் நேரத்தை மீட்க முனைபவர்கள் பரந்தனில் களைத்து விழுவார்கள். அங்கே வேகத்தைக் காற்றுக்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டும்.

பரந்தனிலிருந்து வீதி தெற்கே திரும்புகிறது. சுண்ணக்கல் நிலம் முடிந்து வன்னியின் குளங்களும் வயல்களும் காடும் தொடங்குகின்றன. இவ்வழியில் ஊர்ப்பெயர்களையே வழிகாட்டியாகக் கொள்ளலாம். நாவல் மரம் நின்ற நாவற்குழியில் தொடங்கி, மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம் என்று அவை மரத்தையும் நீரையும் சொல்லிக்கொண்டே வருகின்றன; நடந்து போனவர்கள் எங்கே தங்கினார்களோ அங்கே ஊர் உண்டாயிற்று. கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையே முறிகண்டிப் பிள்ளையார் கோயில். சிறிய கோயில்தான், ஆயினும் இவ்வழியே போகும் வாகனம் எதுவும் அங்கே நிற்காமல் போவது அரிது. தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டு, மணலில் வறுத்த கச்சானைச் சூட்டோடு வாங்கிக் கொறிப்பது தலைமுறை வழக்கம். கச்சான் என்பது இலங்கைத் தமிழில் நிலக்கடலை. மட்டக்களப்புப் பக்கத்தில் கோடைக் காற்றுக்கும் கச்சான் என்றே பெயர். எண்ணெய்ச் சத்தும் புரதமும் நிறைந்த அந்தக் கடலை, காலை முழுவதும் மிதித்தவருக்குக் கிடைக்கக்கூடிய நல்ல உணவுகளில் ஒன்று. ஆனி, ஆடியில் போவோருக்கு வன்னிக் காட்டின் பாலைப்பழமும் கிடைக்கும். மஞ்சள் நிறச் சிறு பழம், தேனாக இனிக்கும், அதன் பால் உதட்டில் பிசினாக ஒட்டிக்கொள்ளும்.

காலை பத்தரைக்கு மேல் மிதிக்கலாகாது. அந்நேரத்தில் தார் வீதியின் மேற்பரப்பு 50 பாகை செல்சியஸை நெருங்கத் தொடங்கி, நண்பகலில் அதையும் கடக்கும். ரியூபில் ஒட்டிய பழைய ஒட்டுகளின் பசை இளகி அவை விட்டுக்கொடுக்கும் நேரமும் அதுதான். மூன்றரை மணி வரை ஒரு குளக்கட்டின் மருத நிழலிலோ கோயில் மண்டபத்திலோ படுத்துவிடுவது சோம்பலாகாது. வெப்பத்துக்குப் பழகாத உடல் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வேண்டும் என்பதால், முதல் நாள்களில் ஓய்வே பயணத்தின் பெரும் பகுதியாக இருக்க வேண்டும். நிழலைப் பற்றிய ஒரு நுட்பமும் உண்டு. தெற்கே செல்பவர் இடப்பக்கமாக, அதாவது வீதியின் கிழக்கோரமாகச் செல்கிறார். காலை வெயிலில் கிழக்கோர மரங்களின் நிழல் அவர்மேல் விழும். வடக்கே செல்பவர் மேற்கோரமாகச் செல்வதால் மாலையில் மேற்கோர மரங்களின் நிழல் அவருக்குக் கிடைக்கும். போருக்குப் பின் ஏ-9 அகலப்படுத்தப்பட்டுக் கார்பெற் வீதியாகியது. அதன் பயனை மறுப்பதற்கில்லை. எனினும் வீதியோர நிழல்மரங்களை மீண்டும் நட்டு வளர்ப்பது வீதியமைப்பின் ஒரு பகுதியாகக் கொள்ளப்படாதது பெருங்குறை. விளக்குக் கம்பத்துக்கு இடம் ஒதுக்குவதுபோல் மருதுக்கும் வேம்புக்கும் இடம் ஒதுக்கப்பட வேண்டும்.

ஓமந்தையைக் கடந்து வவுனியாவை அடையும்போது மாலையாகிவிடும். பிரான்சின் நெடுந்தூரச் சைக்கிள் மரபில் 200 கிலோமீற்றரை 13½ மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று விதியுண்டு. அந்த அளவுகோலைக் காண்டாவன வெயிலில் வன்னிக்குக் கொண்டுவருவது அறிவுடைமையாகாது. 1923இல் பம்பாயிலிருந்து புறப்பட்டு 1928இல் உலகைச் சுற்றித் திரும்பிய ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்கரா ஆகிய மூவரும் பாலைவனங்களையும் சைக்கிளில் கடந்தவர்கள். அவர்கள் கணக்கு மணிக்கணக்காக இருக்கவில்லை, ஆண்டுக்கணக்காக இருந்தது. வவுனியாவுக்குத் தெற்கே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ள வரை வறண்ட வலயமே தொடர்கிறது. மாத்தளைக்கு ஏறும்போது மிளகுக் கொடியும் கொக்கோவும் நிறைந்த தோட்டங்களின் நிழல் வீதியை மூடுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில், வடக்கிலிருந்து வந்த உடல் இரவில் போர்வை தேடும்.

இந்த வழியை மறுதிசையில் எண்ணிப் பார்ப்பதும் தகும். 2011 ஜூலையில், தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை அமைப்பதற்கு நிதி திரட்டும் பொருட்டு, நாட்டின் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை 27 நாள்கள், ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடைப்பயணம் ஒன்று நிகழ்ந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வழிநெடுகச் சேர்ந்துகொண்டனர். நடந்தவர்கள் எண்ணித் தேர்ந்தார்களோ இல்லையோ, அத்திசை சோளகம் முதுகில் படும் திசை. கோடையில் நாட்டைக் குறுக்கறுக்க விரும்பும் சைக்கிள் குழுவுக்கும் அதுவே ஏற்றது. தெற்கிலிருந்து புறப்பட்டால் தம்புள்ளைக்கு அப்பால் காற்று பின்னாலிருந்து உந்தும், மாலை நிழல் தம் பக்கமே விழும், ஆனையிறவில் மட்டும் அது பக்கக்காற்றாகவே இருக்கும். நல்லூரிலிருந்து தெற்கே போவதானால் வாடை தொடங்கி மழை ஓய்ந்த தை, மாசியே காலம்.

கோடையில் வடக்கே வருவோர் நாளைச் சற்று எண்ணிப் புறப்பட்டால், ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறி 25 நாள்கள் நடக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து சேரலாம். திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் வாகனங்களுக்கு அடைக்கப்படுகின்றன. தடையருகே இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அயலிலுள்ள வளவுகள் 'சைக்கிள் பாதுகாப்பு நிலையம்' என்ற பலகையோடு திறந்திருக்கும். முற்றத்து மாமரத்தின் கீழ் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் ஹாண்டிலோடு ஹாண்டில் உரச நெருக்கி நிறுத்தப்பட்டிருக்க, ஒரு பையன் ஒரே இலக்கம் எழுதிய இரண்டு மட்டைத் துண்டுகளில் ஒன்றை ஹாண்டிலில் நூலால் கட்டி, மற்றதை உரியவரின் கையில் கொடுப்பான். தேவேந்திரமுனையிலிருந்து வந்த சைக்கிளுக்கும் அடுத்த ஒழுங்கையிலிருந்து வந்த சைக்கிளுக்கும் கட்டணம் ஒன்றே. அங்கிருந்து வெறுங்காலோடு சுடுமணலில் நடந்தால், முதல் தண்ணீர்ப்பந்தலில் ஊறுகாய்த் தண்ணீர்ச் செம்பு நீட்டப்படும்.